ஒரு முழம் மல்லிகையும் கஞ்சி நூலும்

“நர்ஸம்மா… முடிச்சு நிக்கலீங்க!”

இந்தக் குரல் கேட்டபோது நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். சமையல்கட்டு வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்து, கருப்பட்டிக் காப்பியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு, என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

நல்ல உச்சிப் பொழுது. உள்ளே, தறி கிடந்த அறையில், நெசவுக்காரர் ஆறுமுகத்தின் மனைவி தெய்வானைக்குப் பெண் குழந்தை பிறந்து அரைமணி நேரம் ஆகியிருக்கும். பிரசவம் பார்த்தவள் நான். கிழிசல் இல்லை, சிக்கல் இல்லை, நஞ்சுக்கொடியும் முழுசாக விழுந்துவிட்டது. குழந்தை வீலென்று அழுது முடித்ததும் துணியில் சுற்றி அம்மா பக்கத்தில் படுக்க வைத்தாயிற்று. இனி நமக்கென்ன வேலை என்று காப்பிக்கு வந்துவிட்டேன்.

டம்ளரை எங்கே போட்டேனோ, உள்ளே ஓடினேன்.

தெய்வானை பாயில் ஒருக்களித்துக் கிடந்தாள். குழந்தையைச் சுற்றியிருந்த துணியை அவளே பிரித்துப் போட்டிருந்தாள். எல்லாம் பனியன் துணி. ஆறுமுகத்தின் தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்வந்துகொண்டிருந்தான். வெட்டி மிஞ்சும் துண்டுகளை மூட்டையாகக் கொண்டுவந்து போடுவான். அந்தப் பக்கத்துப் பிள்ளைகளெல்லாம் பிறந்தவுடன் உடுத்தும் முதல் துணி அதுதான். மெத்தென்று இருக்கும். எவ்வளவு ஈரத்தையும் குடித்துக்கொள்ளும். நாலு சுற்று சுற்றியிருந்தோம். வெளிச் சுற்று வெள்ளை வெளேரென்று இருந்தது. உள்ளே மூன்று சுற்றும் ரத்தம்.

அவளுடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் குழந்தையின் தொப்புள்கொடியை இறுக்கிப் பிடித்திருந்தன. நான் கட்டிய நூல் வளையம் கழன்று பாயில் கிடந்தது.

“ஈரமா இருந்துச்சுங்க. ஒண்ணுக்குப் போயிருக்கும்னு தொட்டேனுங்க,” என்றாள். குரலில் நடுக்கம் இல்லை. கையும் அசையவே இல்லை.

பூவுக்குத் தடை

அவளை அந்தப் பிடியோடு நிறுத்திவிட்டு நான் பழங்கதைக்குப் போவது அநியாயம்தான். ஆனால் என் வண்டவாளத்தைச் சொல்லாவிட்டால் அந்த முடிச்சு ஏன் நிற்கவில்லை என்பது உங்களுக்குப் புரியாது.

அறுபதுகளின் முதல் பாதி. எனக்கு இருபத்திரண்டு வயது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. இரண்டு வருஷம் பிரசவப் பயிற்சி முடித்து, சேவூருக்கு மேற்கே ஒரு நெசவுக் கிராமத்துக்குச் சர்க்கார் நர்ஸாக வந்து சேர்ந்திருந்தேன்.

என் பேச்சு அவர்களுக்கு வேடிக்கை. “வருதேன், சொல்லுதேன்” என்று நான் பேசினால் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவர்கள் பேச்சு எனக்கு வேடிக்கை. எதற்கெடுத்தாலும் ‘ங்க’. சண்டை போடும்போதுகூட ‘ங்க’வை விடமாட்டார்கள். இவர்கள் நாயை விரட்டினாலும் “அக்கட்டப் போங்க” என்றுதான் சொல்வார்கள் போலிருக்கிறது என்று வீட்டுக்குக் கடிதம் எழுதினேன்.

பயிற்சி விடுதியில் எங்களுக்குத் தலையில் பூ வைக்கத் தடை. பூ வைத்துக்கொண்டு எவளாவது வந்தால் வார்டன் வாசலிலேயே நிறுத்தி, பிய்த்து எறிந்துவிட்டுத்தான் உள்ளே விடுவார். இரண்டு வருஷம் மல்லிகை வாசனைக்கு ஏங்கிக் கிடந்தேன் ஐயா! அதனால் வேலைக்கு வந்து தனி அறை கிடைத்ததும் நான் செய்த முதல் காரியம் கண்ணாடி வாங்கி மாட்டியது. இரண்டாவது காரியம், சந்தையில் மல்லிகை மொட்டு வாங்கி நானே கட்டி வைத்துக்கொண்டது.

சர்க்கார் எனக்கு ஓர் அலுமினியப் பெட்டி கொடுத்திருந்தது. கத்தரிக்கோல், சோப்பு, நகம் தேய்க்கும் பிரஷ், குழந்தையின் நெஞ்சுத் துடிப்பு கேட்கும் குழல், டிஞ்சர் பாட்டில், கொக்கித் தராசு. இவற்றோடு ஓர் அட்டையில் சுற்றிய கெட்டி வெள்ளை நூல். தொப்புள்கொடி கட்டுவதற்கென்றே உள்ள நூல். பிரசவத்துக்குப் போகுமுன் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது நாங்கள் தூக்கத்திலும் ஒப்பிக்கும் பாடம்.

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான்தான் மறந்துபோனேன்.

தறி நின்ற வீடு

“பிரசவம் என்று உங்களுக்கு எப்படித் தகவல் வரும்?” என்று இந்தத் தொடரைப் படிக்கிற ஒரு வாசகி கேட்டு எழுதியிருந்தார். காதால்தான் வரும் அம்மா. விடிந்தது முதல் தெரு முழுக்கத் தறிச் சத்தம். சடக் சடக்கென்று ஓயாது. வந்த புதிதில் தலைவலியே வந்தது. இரண்டு மாதத்தில் காது பழகிவிட்டது. அப்புறம் எந்த வீட்டுத் தறி நேரம் கெட்ட நேரத்தில் நின்றாலும் தலை தானாக நிமிரும். ஒன்று யாரோ போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் யாரோ வரப்போகிறார்கள்.

அன்று காலை தெற்குக் கோடியில் ஒரு தறி நின்றது. கொஞ்ச நேரத்தில் ஆறுமுகம் சைக்கிளோடு என் வாசலில் நின்றார்.

“நர்ஸம்மா, ஊட்டுல வலி கண்டிருச்சுங்க. கேரியர்ல உக்காருங்க, வெசையாப் போயிரலாம்.”

ஆண்பிள்ளை சைக்கிளில் பின்னால் உட்கார்ந்தால் ஊர் என்ன சொல்லும்? பெட்டியைக் கேரியரில் வைத்துக் கட்டச் சொல்லிவிட்டு நான் பக்கத்தில் ஓட்டமும் நடையுமாகப் போனேன். முதல்நாள் சாயங்காலம் கட்டிய மல்லிகை தலையில். பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. அவர் கூப்பிட்ட அவசரம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

தெய்வானையை எனக்கு ஐந்தாம் மாதத்திலிருந்தே தெரியும். முதல்முறை பார்க்கப் போனபோது ராட்டையின் முன் உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்தாள். தறியில் குறுக்கே ஓடும் நூலைச் சின்னக் குழலில் சுற்றுவதைத்தான் தார் சுற்றுவது என்பார்கள். நான் கேட்டதற்கெல்லாம் கையை நிறுத்தாமல் பதில் சொன்னாள். இது மூன்றாவது. முதல் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. இரண்டாவது ஆண் பிள்ளை, நல்லபடியாகப் பிறந்தது. அரிவாளால் கொடியை அறுத்துச் சாம்பல் வைத்தார்களாம்.

“ஏழாம் நாள் பால் குடிக்கறத விட்டுருச்சுங்க. எட்டாம் நாள் வாயி கட்டிப் போச்சுங்க,” என்றாள். அப்போதுதான் ராட்டை நின்றது. “இது எட்டாம் நாள் தாண்டுமுங்களா?”

அந்தக் காலத்தில் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகளை வாரிக்கொண்டு போனது இந்த எட்டாம் நாள் இழுப்புதான். அழுக்கு அரிவாளிலும் அழுக்கு நூலிலும் சாம்பலிலும் இருந்து வருகிற நோய், பிள்ளையின் வாயைத் திறக்கவிடாமல் பூட்டிவிடும். அதைத் தடுக்கத்தான் எங்களை அனுப்பியிருந்தார்கள்.

“தாண்டும்,” என்றேன். “என் கையில பிறந்தா தாண்டும். நான் பொறுப்பு.”

இருபத்திரண்டு வயதில் அப்படித்தான் பேசத் தோன்றும். அவள் நம்பிவிட்டாள். எனக்காக இல்லாவிட்டாலும் அந்தப் பிள்ளைக்காக நம்பினாள்.

கெட்டி நூல்

வீட்டுக்குள் போனதும் மாமியார் பழனியம்மாளோடு எனக்குச் சண்டை. பிரசவத்துக்கு இடம் மாட்டுச் சாளையில் ஒதுக்கியிருந்தார். சாணி வாடை, ஈ, இருட்டு. நானோ தறி அறைதான் வேண்டும் என்றேன். கூரையில் கண்ணாடி ஓடு பதித்து, வெளிச்சம் தரையில் விழும் ஒரே அறை அது.

“தறி கெடக்கற எடமுங்க. தீட்டு ஆகாதுங்க. முருகன் இருக்கற எடமுங்க,” என்றார்.

“முருகனுக்கும் அம்மா உண்டுல்லா? நான் சொல்லுதத கேளுங்க. இருட்டுல என்னால பார்க்க முடியாது. முடியாதுன்னா பெட்டியத் தூக்கிட்டுப் போயிருவேன்.”

வாய்க்கொழுப்பு எனக்கு அப்போது கொஞ்ச நஞ்சமில்லை. அவர் முகம் சுண்டிப் போயிற்று. முருகன் படத்தைக் கழற்றிச் சமையல்கட்டுக்குக் கொண்டுபோனார். தறியின் மேல் பழைய வேட்டி ஒன்றை விரித்து மூடினார். “ஏதாச்சும் ஆச்சுன்னா என்னையச் சொல்லாதீங்க நர்ஸம்மா,” என்றார். அந்தக் கோபத்திலும் ‘ங்க’.

அடுப்பில் தண்ணீர் கொதித்தது. வலி நெருங்கி நெருங்கி வந்தது. கத்தரிக்கோலையும் நூலையும் கொதிக்கப் போடப் பெட்டியைத் திறந்தேன். நூல் அட்டை இல்லை.

எங்கே இருக்கிறது என்று தேடவே வேண்டியிருக்கவில்லை. அந்தக் கணமே தெரிந்துவிட்டது. என் அறை ஜன்னலில் இருக்கிறது. மிஞ்சிய மொட்டோடு. முதல்நாள் சாயங்காலம் பூக் கட்ட வாழைநார் கிடைக்கவில்லை. கொடி கட்டுகிற நூலில் பூக் கட்டியிருந்தேன்!

நூலில் ஒரு பங்கு என் தலையிலேயே இருந்தது. அதை உருவிக் கொதிக்க வைத்திருக்கலாம். அப்போது தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அந்த மாமியார் முன்னால் தலைப்பூவைப் பிரிக்க என் மானம் விட்டிருக்காது. அதனால் அதிகாரமாகக் குரலை உயர்த்தினேன்.

“நூல் கொண்டாங்க! நல்ல கெட்டி நூலாப் பாத்துக் கொண்டாங்க!”

பழனியம்மாளுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. “நெசவுக்காரங்க ஊட்டுல நூலுக்கா பஞ்சமுங்க?” என்று, அறுத்த பாவில் மிஞ்சிய நூலை ஒரு பிடி கொண்டுவந்தார். பாவு நூல் என்பது தறியில் நீளவாக்கில் போவது. அடி தாங்க வேண்டும் என்று அதற்கு அரிசிக் கஞ்சி போட்டுக் காயவைப்பார்கள். தொட்டால் விறைப்பாக நிற்கும். நெசவுக்காரர்களுக்கு அதைவிடக் கெட்டி நூல் கிடையாது. அவர் கொடுத்ததில் தப்பே இல்லை.

நான் அதைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டேன். கஞ்சி போட்ட நூலை எந்த நெசவுக்காரரும் கொதிக்க வைக்கமாட்டார். எந்த நர்ஸும் கஞ்சி நூலால் கொடி கட்டமாட்டாள். அவருக்கு என் வேலை தெரியாது, எனக்கு அவர் நூல் தெரியாது. இரண்டும் சேர்ந்த இடத்தில் அந்தப் பிள்ளையின் உயிர் இருந்தது.

நூல் வெளியே வந்தபோது வழவழவென்றுதான் இருந்தது. ஈரம் என்று நினைத்தேன். இரண்டு இழையாகச் சேர்த்துக் கட்டினேன். பச்சைக் கொடி தடியாக இருக்கும். கொஞ்ச நேரத்தில் சுண்டும். கட்டிய பின் துணியைப் பிரித்து மறுபடி மறுபடி கட்டைப் பார்க்க வேண்டும் என்பதும் பாடம்தான். பார்க்காமல் காப்பிக்குப் போய்விட்டேன்.

நாலு இழை

சரி, அந்தப் பிடிக்குத் திரும்பி வருவோம். அவள் விட்டிருந்தால் இந்த அத்தியாயமே இல்லை.

“நூல்! நூல் கொண்டாங்க!” என்று கத்தினேன். பழனியம்மாள் பதறியடித்து அதே பாவு நூலை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

“அது வேண்டாமுங்க அத்தை,” என்றாள் தெய்வானை. “அது கஞ்சி நூலு. நனைஞ்சா வழுக்கீருமுங்க. ஊடை நூலு கொண்டாங்க. என்ற ராட்டைல இருக்குது பாருங்க. நாலு இழை சேத்து முறுக்குங்க.”

ஊடை நூல் குறுக்கே ஓடுகிற நூல். அதற்குக் கஞ்சி கிடையாது. அவள் தினமும் தார் சுற்றுகிற நூல்.

பழனியம்மாள் தொடையில் வைத்து ஒரே உருட்டில் நாலு இழையையும் முறுக்கினார். கொதிக்க வைக்க நேரமில்லை. கையை டிஞ்சரில் கழுவிக்கொண்டு, பாட்டிலில் மிஞ்சியதை நூலின் மேல் கவிழ்த்தேன். கட்டப் போனேன். நூல் முனை விரலுக்குள் வரமாட்டேன் என்றது. இரண்டுமுறை நழுவியது.

“தறியில தீட்டுப் பட்டா இப்படித்தானுங்க… நான் அப்பவே…” என்று பழனியம்மாள் அழ ஆரம்பித்தார்.

“தறி மேல பழி போடாதீங்க அத்தை. நூலு தானுங்க மாறிப் போச்சு,” என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். “அவசரமில்லீங்க நர்ஸம்மா. நான் புடிச்சிருக்கறேனுங்க. மெதுவாக் கட்டுங்க.”

கேட்டீர்களா? இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள். பெற்று அரைமணி நேரம் ஆனவள். மூன்றாவது பிள்ளை கண் முன்னே வெளுத்துக்கொண்டிருக்கிறது. அவள் எனக்குத் தைரியம் சொன்னாள்! அறுந்த இழையை விடாமல் பிடித்துப் பிடித்துப் பழகிய விரல்கள் அவை. நூல் முனை என் விரலுக்குள் வந்தது.

ஒரு சுற்றுக்கு இரண்டு சுற்றாகச் சுற்றிக் கட்டினேன். அதற்கு உள்ளே, வயிற்றுப் பக்கமாக இன்னொரு கட்டு. “விடலாம்,” என்றேன். அவள் விரலை எடுக்கவில்லை. “இன்னொருக்காப் பாருங்க,” என்றாள். பார்த்தேன். அதன் பிறகுதான் எடுத்தாள். சொட்டு ரத்தம் வரவில்லை.

குழந்தை வெளுத்துக் கிடந்தது. அவிநாசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமா என்று யோசித்தேன். வண்டியில் போட்டுக் குலுக்குவதைவிட அம்மாவின் சூட்டில் கிடப்பதே மேல் என்று பட்டது. மார்போடு அணைத்துப் போர்த்தி வைத்தோம். விளக்கு வைக்கும் நேரம் வரை கட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அது வாயைத் தேடித் தேடிப் பால் குடித்தபோது பழனியம்மாள் எனக்கு மறுபடி காப்பி கொண்டுவந்தார். என்னால் குடிக்க முடியவில்லை.

அறைக்குப் போனேன். நூல் அட்டை ஜன்னலில் அப்படியே இருந்தது. தலையில் இருந்த பூவைப் பிய்த்து எறிந்தேன். எனக்கு நானே வார்டன் ஆனேன்.

எட்டு நாள்

ரத்தம் நின்றதே தவிர பயம் நிற்கவில்லை. நான் கட்டியது கொதிக்க வைக்காத நூல். ராட்டையில் தூசியோடு கிடந்த நூல். டிஞ்சர் போதுமா? எட்டாம் நாள்தான் சொல்லும். ‘நான் பொறுப்பு’ என்று சொன்னவள் நான்.

அந்த வாரம் நடந்த நர்ஸுகள் கூட்டத்தில், எனக்கு மேலே இருந்த பெரிய நர்ஸம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். “நூல் தீர்ந்துபோயிருந்தது,” என்றேன். பொய். பூவைப் பற்றி வாயே திறக்கவில்லை.

தினமும் காலையும் மாலையும் தெற்குக் கோடிக்கு நடந்தேன். பிரசவமான வீட்டில் தீட்டுக் கழியும்வரை தறியில் கால் வைக்கமாட்டார்கள். ஆறுமுகம் வெளியே வேப்பமரத்தடியில் சும்மா உட்கார்ந்திருப்பார். நான் போனதும் எழுந்து நிற்பார். “பால் குடிக்குதுங்க,” என்பார். வேறு பேச்சு கிடையாது. ஆறாம் நாளும் குடித்தது. ஏழாம் நாள் நான் மூன்றுமுறை போனேன். குடித்தது.

எட்டாம் நாள் காலை ஆறுமுகம் எழுந்து நிற்கவில்லை. நான் உள்ளே ஓடினேன்.

உள்ளே தெய்வானையும் பழனியம்மாளும் குழந்தையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். இரவு முழுக்க இருவரும் கண்ணை மூடவில்லை என்று முகமே சொன்னது.

“விடியக்காலம் இருந்து தூங்குதுங்க,” என்றாள் தெய்வானை. “எழுப்பலீங்க.”

ஏன் எழுப்பவில்லை என்று நான் கேட்கவில்லை. எழுப்பினால் தெரிந்துவிடும் அல்லவா? தெரிந்துகொள்ள அந்த வீட்டில் யாருக்கும் துணிச்சல் இல்லை. எனக்கும்தான் இல்லை. ஆனால் அது என் வேலை.

குழந்தையின் உள்ளங்காலில் விரலால் சுண்டினேன். அசையவில்லை. இன்னொரு சுண்டு, கொஞ்சம் பலமாக.

குழந்தை முகத்தைக் கோணிக்கொண்டு, வாயை இவ்வளவு பெரிதாகத் திறந்து, தெருக்கோடி வரை கேட்க வீறிட்டது.

“வாயத் தொறந்துருச்சு!” என்று பழனியம்மாள் தலையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு கூவினார். “கண்ணு, வாயத் தொறந்துருச்சு! ஆறுமுகா, வாயத் தொறந்துருச்சுடா!” வெளியே வேப்பமரத்தடியில் அந்த மனுஷன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். தெய்வானை பிள்ளையை எடுத்து மார்பில் போட்டாள். அது இழுத்து இழுத்துக் குடித்தது. தொப்புளைப் பார்த்தேன். கொடி காய்ந்து சுருங்கி விழுகிற பதத்தில் இருந்தது. நாலு இழை நூல் இன்னும் அதில் இறுக்கமாக நின்றது.

சிவப்புக் கண்டு

பதினோராம் நாள் தீட்டுக் கழித்தார்கள். நான் தெரு முனை திரும்பும்போதே தெற்குக் கோடியில் தறிச் சத்தம் கேட்டது. தலைவலி தந்த அந்தச் சத்தம் அன்று எவ்வளவு இனிமையாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

முருகன் படம் தறி அறைக்குத் திரும்பியிருந்தது. பிள்ளைக்கு வள்ளி என்று பெயர். தெய்வானை பெற்ற பிள்ளைக்கு வள்ளியா என்று நான் கேலி செய்ததும், “ரெண்டு பேரும் ஒரே ஊட்டுல சண்டையில்லாம இருக்கட்டுமுங்க,” என்று பழனியம்மாள் சிரித்தார்.

அவர் பலகாரம் எடுக்கப் போனபோது தெய்வானை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்க நர்ஸம்மா, இப்பெல்லாம் பூவே வெக்கறதில்லீங்களே?”

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. கொட்டிவிட்டேன். வாழைநார் கிடைக்காதது, கொடி நூலில் பூக் கட்டியது, ஜன்னலில் மறந்தது, மானத்துக்குப் பயந்து அதிகாரம் பண்ணியது, கூட்டத்தில் பொய் சொன்னது எல்லாம். “உன் பிள்ளை ரத்தம் சிந்தினது தறியாலயும் இல்ல, உங்க நூலாலயும் இல்ல. என் பூவால,” என்றேன். மூக்கும் கண்ணும் ஒழுகிக்கொண்டிருந்தன. நர்ஸம்மாவின் மிடுக்கெல்லாம் போன இடம் தெரியவில்லை.

“தெரியுமுங்க,” என்றாள்.

எனக்கு அழுகை அப்படியே நின்றுவிட்டது.

“அன்னிக்கே பாத்தேனுங்க. வலியில கெடக்கறப்ப நீங்க குனிஞ்சு குனிஞ்சு பாத்தீங்க. உங்க தலைப்பூவு என்ற மூஞ்சிக்கு நேரா இருந்துச்சு. நாருல கட்டல. நல்ல முறுக்கு நூலுல கட்டியிருந்துச்சு. இம்புட்டு நல்ல நூலு இந்தப் பக்கம் கெடைக்காதே, இத எங்க வாங்கியிருப்பாங்கன்னு நெனச்சேன். பொறவு நீங்க அத்தைகிட்ட நூலு கேட்டீங்க. அப்பவே வெளங்கிருச்சுங்க.”

“அப்புறம் ஏன் சொல்லல? எட்டு நாளும் வாயத் திறக்கலியே?”

“சொன்னா அத்தை உங்களைய உள்ளயே உட மாட்டாங்க. நீங்க வரலீன்னா எட்டு நாளு என்ற புள்ளைய ஆருங்க பாக்கறது?” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “தப்புப் பண்ணுன கைதானுங்க அன்னிக்குச் சரியாவும் கட்டுச்சு,” என்றாள்.

எழுந்து போய் ராட்டைக்குப் பின்னால் இருந்த கூடையிலிருந்து இரண்டு நூல்கண்டுகளைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். ஒன்று வெள்ளை. ஊடை நூலை நாலு இழையாகச் சேர்த்து முறுக்கி, வேகவைத்து, வெயிலில் காயவைத்து, சுத்தமான பனியன் துணியில் பொதிந்திருந்தாள். இன்னொன்று சின்னது. சேலைக் கரைக்குச் சாயம் போட்ட நூல், நல்ல சிவப்பு.

“வெள்ளை கொடி கட்டறதுக்குங்க. சிவப்பு பூக் கட்டறதுக்குங்க. அவசரத்துல மறுக்கா மாறிப் போயிரக் கூடாதுங்களே.”

சிரித்தாளா, நிஜமாகத்தான் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. “அட, என்னுங்க நீங்க, அத்தை பாக்கறாங்க,” என்று கையை உருவிக்கொண்டாள்.

அடுத்த கூட்டத்தில் பெரிய நர்ஸம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். கிழித்து எடுத்துவிட்டார். எழுத்திலும் ஒரு கண்டனம் வந்தது. அதை வாங்கி மடித்துப் பெட்டியின் அடியில் வைத்துக்கொண்டேன். அதற்கப்புறம் ஒருமுறைகூடப் பெட்டியைத் திறந்து பார்க்காமல் நான் படியிறங்கியது இல்லை. ஆறுமுகத்தின் சைக்கிள் கேரியரிலும் கூச்சமில்லாமல் உட்காரப் பழகிவிட்டேன்.

எழுபதுகளின் நடுவில் வெள்ளகோவில் பக்கம் எனக்கு மாற்றல் ஆகும்வரை தெய்வானை நூல் கொடுத்துக்கொண்டே இருந்தாள். சர்க்கார் நூல் வந்தாலும் வராவிட்டாலும் என் பெட்டியில் அவள் நூல் இருந்தது. அதையும் நான் இன்னொருமுறை கொதிக்க வைத்துத்தான் கட்டுவேன். அந்த வருஷங்களில் சேவூரைச் சுற்றி என் கையில் பிறந்தவர்கள் பலர் இன்று திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறார்கள், தறி ஓட்டுகிறார்கள், பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கிறார்கள். எங்காவது பார்த்தால், “நீங்க பார்த்த பிரசவமுங்க நான்,” என்று என் காலைத் தொடுகிறார்கள். நான் சொல்லிவிடுவேன்: கட்டியது என் கை, நூல் தெய்வானையுடையது.

வெள்ளைக் கண்டு தீர்ந்தால்தான் ஆள் அனுப்பிக் கேட்பேன். சிவப்பு வேண்டும் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் அத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட வெள்ளைக் கண்டு தனியாக வந்ததில்லை.